முன்னனுபவம்: இல்லை

மூன்றாவது சட்டையும் கருகியது.

டீச்சர் அலறவில்லை. ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கவுமில்லை. கையிலிருந்த மதிப்பெண் தாளில் 'சூட்டைக் கவனித்தல்' என்ற வரிக்கு எதிரே நிதானமாக ஒரு சுழியம் போட்டாள். அதன் பிறகுதான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். தேர்வு நடக்கும்போது கற்பவரின் வேலையில் ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்று அவளுடைய பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. வீடு பற்றி எரிந்தால் என்ன செய்வது என்று போடவில்லை.

"வாசனை வர்றப்பவே எனக்கு லேசா சந்தேகம்தான்," என்றார் கணவர், பெட்டியை இன்னும் சட்டையின் மேலேயே வைத்துக்கொண்டு. "ஆனா பாடத்துல அந்த இடம் இன்னும் வரலையேன்னு விட்டுட்டேன்."

பலியானது கிளிப்பச்சைக் கோடு போட்ட சட்டை. டீச்சரின் அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன் போனது, ஆபீஸ் ஆண்டு விழாவில் கொடுத்த, முதுகு முழுக்கச் சூரியகாந்தி பூத்த சட்டை. அதற்கும் முன்னால், கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பழுப்புச் சட்டை. கணவருக்கு உயிரான வெளிர்நீலச் சட்டை மட்டும் ஏதோ நல்ல காலம், இதுவரை தப்பித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் தாளின் அடியில் கூட்டிப் போட்டாள். நாற்பதுக்கு நான்கு. போன வாரம் ஐந்து.

பதினெட்டு வருடமாக அறிவியல் நடத்துகிறவள் அவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். வம்புக்கு இழுக்க நினைத்தால் கணவருக்கும் டீச்சர். ஆசிரியர்கள் ஓய்வறையில் தினமும் ஒரு பேச்சு அவள் காதில் விழும். சில பிள்ளைகளுக்கு ஏறாது, என்ன செய்தாலும் ஏறாது என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏறாத தலை என்று ஒன்று உலகத்தில் கிடையாது, பாடத்தை அமைக்கிற விதத்தில்தான் கோளாறு என்பது அவள் கட்சி. கட்சி கட்டினால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றுதான் மூன்று வருடத்துக்கு முன் 'பாடத்திட்டமும் கற்பித்தலும்' என்ற முதுகலைப் படிப்பில் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தாள்.

எழுத்துத் தேர்வெல்லாம் எழுதித் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரு செயல்திட்டம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே பெரியவர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவருக்குத் துளியும் தெரியாத ஒரு வேலையை, தானே பாடத்திட்டம் எழுதி, ஆறு வாரத்தில் கற்றுத் தர வேண்டும். தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. இடையில் முன்னேற்றம் தெரிய வேண்டும். இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று. இந்தத் தடவையும் தவறினால் மூன்று வருடப் படிப்பும் போச்சு என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது.

முதலில் எதிர்வீட்டு அக்கா சைக்கிள் கற்றுக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. முதல் பாடத்திலேயே அவர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். இரண்டு வாரம் அதிலேயே ஓடிவிட்டது. மீதி நாலே வாரம். அப்போதுதான் டீச்சரின் பார்வை, சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர் மேல் விழுந்தது.

தபால் ஆபீஸில் கிளார்க் அவர். நல்ல மனிதர். பாத்திரம் கழுவுவார், தண்ணீர் பிடிப்பார், மகளுக்குத் தலை பின்னிவிடுவார். இஸ்திரிப் பெட்டியை மட்டும் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் டீச்சர் ஒருமுறை கேட்டதற்கு, அதைக் கண்டாலே சின்ன வயதிலிருந்து பயம் என்று சொல்லிவிட்டார். பதினாறு வருடமாக வீட்டிலுள்ள மூன்று பேர் துணியையும் காலையில் நின்று தேய்ப்பது டீச்சர்தான். மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடை மட்டும் தெருமுனை லாண்டரிக்குப் போகும். அதில் இருபத்திரண்டு மடிப்பு. அது டீச்சருக்கே வசப்படாத வித்தை.

விஷயத்தைச் சொன்னதும் கணவர் பேப்பரை மடித்தார். மடித்த பேப்பர் புதிதாக அச்சடித்து வந்ததுபோல் விளிம்போடு விளிம்பு சேர்ந்து நின்றது. வேறு ஏதாவது கற்றுக்கொள்கிறேனே, நீச்சல், கிடார் என்று கெஞ்சிப் பார்த்தார். நீச்சலும் கிடாரும் டீச்சருக்குத் தெரியாது. கடைசியில் 'கற்பவர் விவரம்' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் 'இத்திறனில் முன்னனுபவம்' என்று ஒரு கேள்வி இருந்தது. எதிரே 'இல்லை' என்று ஒரு சொல் எழுத வேண்டும். அதற்குள் பேனாவை மூன்று தடவை உதறிவிட்டார்.

"மை வரலையா?" என்று கேட்டாள் டீச்சர்.

"வருது, வருது," என்றார்.

தொடக்கத் தேர்வில் நாற்பதுக்கு மூன்று வாங்கினார். பிளக்கைச் சரியாகச் செருகியதற்கு இரண்டு. நேராக நின்றதற்கு ஒன்று. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே இருந்து தொடங்கினால்தானே மேலே ஏறியது தெரியும்? அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி கேட்காமலே கிடைத்தது.

முதல் வாரம் விளக்க முறை. டீச்சர் சுவரில் படம் ஒட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி நடத்தினாள். கணவர் முதல் பெஞ்சு மாணவனைப்போல் கேள்வி கேட்டார். பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் சூடு ஏன் மாறுகிறது, நீராவி துணிக்குள் போய் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் டீச்சர் பத்து நிமிடம் பதில் சொன்னாள். ஒருமுறை செய்து காட்டினால் நன்றாக விளங்கும் என்றார். செய்து காட்டினாள். இன்னொரு முறை என்றார். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அவருடைய ஆறு சட்டையையும் டீச்சர் தேய்த்து முடித்திருந்தாள். அவர் தொட்டது பழுப்புச் சட்டை ஒன்றை. அது போய்ச் சேர்ந்தது.

அடுத்து குழுக் கற்றல். தனியாகக் கற்பதைவிடக் கூட ஒருவர் இருந்தால் ஊக்கம் வரும் என்று புத்தகம் சொன்னது. பன்னிரண்டு வயது மகளையும் பக்கத்தில் நிறுத்தினாள். மகள் கால்மணி நேரத்தில் கற்றுக்கொண்டு, தன் சீருடைச் சட்டையைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து மாட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். கணவர் சூரியகாந்திச் சட்டையோடு நின்றார். யாருக்குக் கற்பிக்கவில்லையோ அவர் கற்றுக்கொண்டதை அறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று டீச்சர் ஒரு நாள் முழுக்க யோசித்தாள்.

மூன்றாவது முறை, தவறிலிருந்து கற்றல். அதன் பலன்தான் கிளிப்பச்சை.

"அம்மா, அப்பா கை வைக்கிறது சரியாதான் வைக்கிறார். அப்புறம் அவரே மாத்திக்கிறார்," என்றாள் மகள். அவளை டீச்சர் பார்வையாளராக நியமித்து, கையில் ஓர் அட்டையும் பென்சிலும் கொடுத்திருந்தாள்.

"அதுக்குப் பேரு தன்னம்பிக்கைக் குறைவு," என்று டீச்சர் அதைக் குறித்துக்கொண்டாள். கணவர் மகளைப் பார்த்த பார்வையைக் குறித்துக்கொள்ளவில்லை.

பாடத்தில்தான் ஏதோ தப்பு. டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள். பாடத்திட்டம் எழுதும் முன் அந்தத் துறையின் வல்லுநர் ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று மூன்றாவது அத்தியாயத்திலேயே இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகத் தெருமுனை லாண்டரிக்குப் போனாள். கணவர் அந்தப் பக்கமே போகமாட்டார். பாவாடையைக் கொடுக்கவும் வாங்கவும் மகளைத்தான் அனுப்புவார்.

லாண்டரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணனுக்கா?" என்றார்.

ஆமாம் என்றாள் டீச்சர்.

"நம்ம அண்ணனுக்கா மேடம்?"

ஆண்பிள்ளை இஸ்திரி போட்டால் குறைந்துவிடுமா என்று டீச்சருக்குச் சுருக்கென்றது. வீட்டு வேலை யாருக்கும் பிறவியில் வருவதில்லை, எல்லோரும் கற்றுக்கொள்வதுதான் என்று அங்கேயே நின்று கால்மணி நேரம் வகுப்பெடுத்தாள். லாண்டரிக்காரர் இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவை மூடினார். கடைசியில், இதெல்லாம் தன் எம்.ஏ. படிப்புக்காக என்று டீச்சர் சொன்னதும் அடங்கிவிட்டார். படிப்பு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தொழிலில் தான் கற்ற எட்டுப் படிகளையும் ஒன்று விடாமல் சொன்னார். டீச்சர் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அந்த எட்டுப் படிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

"படி ஒன்று. காலரை உள்பக்கமா முதல்ல, ரெண்டு நுனியிலேர்ந்து..."

"நடுவுக்கு," என்றார் கணவர். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் பூரித்துப்போனாள். யோசித்தால் தானாக வருகிறது பாருங்கள் என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாள். அந்த மகிழ்ச்சியிலேயே அன்றைய தேர்வை வைத்தாள். நாற்பதுக்கு இரண்டு. இந்த முறை அவர் பிளக்கையே செருகவில்லை.

மூன்று, ஐந்து, நான்கு, இரண்டு. வரைபடத் தாளில் கோடு வழுக்கி இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை போன் செய்தார். டீச்சரின் செயல்திட்டத்துக்கு வழிகாட்டி அவர்தான். சனிக்கிழமை இறுதித் தேர்வைப் பார்க்கத் தானே வருவதாகச் சொன்னார். கணவருக்கு மனைவியே மார்க் போட்டால் செல்லாது, வெளியாள் ஒருவர் போட வேண்டும், துறை வல்லுநராக இருந்தால் நல்லது என்றார். முன்னேற்றம் எதுவும் இல்லையென்றால் அதற்கான காரணத்தையாவது நேர்மையாக எழுதி வைக்கும்படியும் சொன்னார்.

அன்று சாயங்காலம் டீச்சர் மேஜையில் உட்கார்ந்து அந்தக் காரணத்தை எழுதினாள். எழுதிய தாளை அப்படியே விட்டுவிட்டு, மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உள்ளே போனாள்.

குறுக்கெழுத்துப் போடப் பென்சில் தேடி வந்த கணவர் அந்தத் தாளைப் பார்த்தார். அதில் நாலே வரி இருந்தது. 'கற்பவர் ஒத்துழைத்தார். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. பாடத்தை அமைத்ததிலும் நடத்தியதிலும்தான் குறை. பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வரும் எனக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்பதே இந்த ஆய்வில் நான் கண்டது.' கடைசி வரியில் ஓர் எழுத்து நனைந்து கலைந்திருந்தது.

கணவர் நின்றுகொண்டே அதை மூன்று தடவை படித்தார். பென்சில் எதிரிலேயே கிடந்தது. எடுக்கவில்லை. உள்ளேயிருந்து டீச்சர் மகளிடம் பின்னத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும் குரல் கேட்டது. அது புரியாமல் இன்னொரு விதமாகச் சொன்னாள். பிறகு இன்னொரு விதமாக. அவருக்குத் தன்மேல் தனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும், டீச்சர் கேட்காமலே பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லிக் குடு டீச்சர். இந்தத் தடவை ஒழுங்காக் கேக்குறேன்."

அன்று நாற்பதுக்குப் பதினொன்று. மறுநாள் பத்தொன்பது. வெள்ளிக்கிழமை முப்பத்தொன்று. ஒரேயடியாக ஏறினால் நன்றாக இருக்காது என்று யாரோ அளந்து வைத்ததுபோல் கோடு அழகாக ஏறியது. டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்த மாற்றத்தால் இது நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமே. சுவரில் ஒட்டிய தாளை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றியிருந்தாள். கற்றலில் மஞ்சள் நிறத்தின் பங்கு என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தாள். நனைந்த தாளைக் கிழித்துப் போட்டாள். பாடிக்கொண்டே கிழித்தாள். அவள் பாடி வீட்டில் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கணவர் சோபாவில் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. கூடத்தின் நடுவில் மேஜை, மேலே போர்வை, அதன் மேல் வெள்ளைத் துணி. மகள் கையில் ஸ்டாப்வாட்ச். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்தார். துறை வல்லுநராக அழைக்கப்பட்ட லாண்டரிக்காரர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மதிப்பெண் தாளை மடியில் வைத்தபடி நாற்காலி நுனியில் ஒட்டியிருந்தார். கணவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பாவம், பேராசிரியை முன்னால் கூச்சம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

கணவர் வெளிர்நீலச் சட்டையை எடுத்து வந்தார். விரல் நுனியால் தண்ணீர் தெளித்தார். ஒரு சொட்டு பெரிதில்லை, ஒரு சொட்டு சிறிதில்லை. காலர், தோள்பட்டை, கைப்பட்டி, கை, முன்பக்கம், முதுகு. பெட்டி பொத்தான்களைச் சுற்றி வளைந்து வளைந்து போயிற்று. ஐந்தே முக்கால் நிமிடத்தில் சட்டை மடிந்து மேஜை மேல் இருந்தது.

பேராசிரியை தலையசைத்தார். பிறகு மெல்ல ஒரு குண்டைப் போட்டார். கற்றுக் கொடுத்ததைச் செய்வது ஒரு கட்டம், கற்றதை வைத்துக் கற்றுக் கொடுக்காததைச் செய்வது அடுத்த கட்டம். அதையும் பார்த்துவிடலாமே என்றார். கொடியில் தொங்கிய சீருடைப் பாவாடையைக் காட்டினார்.

இருபத்திரண்டு மடிப்பு. பாடத்திட்டத்தில் பாவாடை என்ற சொல்லே கிடையாது. அது இன்னும் சொல்லித் தரவில்லை என்று டீச்சர் தடுக்கப் போனாள். பேராசிரியை கையமர்த்திவிட்டார்.

கணவர் பாவாடையைப் பார்த்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் மூன்று வருடமும் நின்றிருந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். கொடியிலிருந்து துணிக் கிளிப்புகளை உருவிக்கொண்டு வந்து, பாவாடையைத் தலைகீழாக மேஜையில் போட்டு, ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு கிளிப் மாட்டினார். கிளிப் தீர்ந்ததும் பேராசிரியையிடம் அனுமதி கேட்டு அவர் கோப்பிலிருந்து நான்கு பேப்பர் கிளிப் வாங்கிக்கொண்டார். பெட்டி ஒரு சுற்று வந்தது. பாவாடையை உதறிக் காட்டியபோது இருபத்திரண்டு மடிப்பும் விசிறிபோல் விரிந்து, தாமாகவே மூடிக்கொண்டன.

"பதினெட்டு நிமிஷம்," என்றாள் மகள். "லாண்டரியில ரெண்டு நாள் ஆகும்."

லாண்டரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

பேராசிரியை எழுந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு முன்னேற்றத்தை நான் பாத்ததில்லைம்மா. இது அவர் திறமை இல்லை. உங்க பாடத்தோட திறமை."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேராசிரியை மதிப்பெண் தாளைப் பார்த்து, எல்லாப் படிவங்களிலும் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாக வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் அவர் கார் போகும் சத்தம் கேட்டதும் மகள் குதித்தாள். டீச்சரும் குதித்தாள்.

குதித்து இறங்கிய பிறகுதான் மதிப்பெண் தாளை நிதானமாகப் பார்த்தாள். எட்டுப் படிக்கும் ஐந்துக்கு ஐந்து. நாற்பதுக்கு நாற்பது. பதினெட்டு வருட வாத்தியார் மனசு கேட்கவில்லை. முழு மார்க் என்பது அவள் யாருக்கும் போட்டதில்லை, யாரும் போட்டுப் பார்த்ததும் இல்லை. அதுவும் கணவர் பெட்டியைத் தொடும் முன்பே லாண்டரிக்காரர் தாளை நிரப்பி முடித்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள் அவரிடம். "என் வீட்டுக்காரர்ங்கிறதுக்காகப் போட்டீங்களா? சட்டையைத் தொட்டுக்கூடப் பாக்கலையே. ஒரு மார்க், ரெண்டு மார்க் குறைச்சிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

லாண்டரிக்காரர் எழுந்து நின்று பேனா மூடியைத் திருகினார். கணவரைப் பார்த்தார். கணவர் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுற்றி முடித்த ஒயரைத்தான் திரும்பவும் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் எப்படி மேடம் குறைக்கிறது?" என்றார் லாண்டரிக்காரர். "காலேஜ் படிக்கிறப்ப அண்ணன் எங்க கடையில மூணு வருஷம் பெட்டி பிடிச்சவரு. அன்னைக்கு நீங்க எழுதிட்டுப் போன எட்டுப் படியும் எனக்கு அவர் சொல்லிக் குடுத்ததுதானே."